முகாம் பட்டியலுக்கு ஒரு வரைபடம்

சண்டையில் சம்பூரும் அதைச் சுற்றிய ஊர்களும் ஆளில்லாமல் போன வருடம், நான் ஒரு பெண்ணைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. செய்யும்போது சரியான வேலை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது திருகோணமலைப் பட்டினத்தில், உள்துறைமுகம் தெரியும் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த நிவாரண அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். முகாம்களிலிருந்து வரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. அதற்காக நானே ஒரு பெரிய அட்டவணை போட்டு வைத்திருந்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளை ஒன்று, பிள்ளை இரண்டு என்று ஆறு பிள்ளைகள் வரை கட்டங்கள். ஏழாவது பிள்ளை இருந்தால் கடைசியிலுள்ள 'குறிப்பு' என்ற கட்டத்துக்குள் போகும். தலைப்புகளுக்கு நீல நிறம் கொடுத்திருந்தேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஒருநாள் இரண்டு வரிகள் ஒன்றுபோல் கண்ணில் பட்டன. ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து, ஒரே ஊர். இருவருக்கும் கணவர் இல்லை. வயதில் ஒரு வருட வித்தியாசம். அடையாள அட்டை இலக்கத்துக்கும் கட்டம் இருந்தது, ஆனால் ஓடிவந்தவர்களில் பாதிப் பேரிடம் அட்டை இல்லை. இரண்டு வரிகளிலும் அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரே இரண்டு முகாம்களில் பதிந்துவிட்டார் என்று எண்ணி, ஒரு வரியை அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து, கந்தளாய் வழியாகச் சுற்றிக் கிளிவெட்டி முகாமுக்குப் போயிருந்தோம். வாகனத்தை விட்டு இறங்கியதும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, பட்டியலில என்ர பேர் இல்லையாம். மூண்டு தரம் வரிசையில நிண்டு திரும்பி வந்திட்டன்."

பெயரைக் கேட்டேன். சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதே பெயருள்ள மற்றப் பெண் வேறு முகாமில் உண்மையாகவே இருந்தார். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள், ஒரே பாட்டியின் பெயரை வைத்துப் பெயரிடப்பட்டவர்கள்.

"பிழை என்ரதான் அம்மா. நான்தான் அழிச்சனான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் இன்னும் சாகேல்லத் தம்பி. திருப்பி எழுதிவிடுங்கோ" என்றார். அவ்வளவுதான். மூன்று கிழமையும் அவருக்குப் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தவர்கள்தான் சோறு கொடுத்திருக்கிறார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவர் பெயரைத் திருப்பி எழுதிவிட்டு, நடந்ததைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இந்த அட்டவணையால இனிச் சமாளிக்க ஏலாது. தரவுத்தளம் ஒண்டு செய்யத்தான் வேணும்" என்றார். பத்து நாளில் அதற்கென்று ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். கணினித்துறையில் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை பார்த்தவர், சண்டை தொடங்கியதும் வீட்டாரோடு இருக்க ஊருக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு காலையும் கிண்ணியாத் துறையில் பாதை ஏறி வருவார். பாதை என்று எங்கள் பக்கம் மிதவைப் படகைச் சொல்வோம். பாதை ஓடாத நாட்களில் வரமாட்டார். நான் அவரை மிஸ் என்றேன். அவர் என்னை அண்ணன் என்றார்.

வந்த முதல் நாளே தரவுத்தளத்தைச் செய்யத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் அட்டவணையை அரைமணி நேரம் மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையைத் திருப்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இதில குடும்பம் எண்டு போட்டிருக்கீங்க. குடும்பம் எண்டா என்ன அண்ணன்?"

"குடும்பம் எண்டாக் குடும்பம்தான் மிஸ்."

"எங்கட வீட்டில இப்ப பதினேழு பேர் இரிக்காங்க. மூதூரில இருந்து மாமியாக்கள் வந்து நிக்கிறாங்க. சமையல் ஒண்டு. நிவாரண அட்டை மூணு. எத்தனை குடும்பம், சொல்லுங்க பாப்பம்?"

"மூண்டு" என்றேன்.

"அப்ப, ஒரே குசினியில சாப்பிடுற ஆக்கள்?"

"அப்படிப் பாத்தா ஒண்டு."

"ரெண்டும் சரி. ஆனா உங்கட அட்டவணையில ஏதாவது ஒண்டைத்தான் எழுதலாம்."

பிறகு ஒரு இறுவட்டை எடுத்து, தரவுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றினார். திறந்ததும் வெள்ளைத் தாள்போல் ஒரு திரை. அதில் ஒரு பெட்டி கீறி, 'ஆள்' என்று தலைப்பு வைத்தார். தள்ளி இன்னொரு பெட்டி, 'வீட்டுக்கூட்டம்'. பிறகு 'அட்டை', 'முகாம்'. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாங்கள் அறியவேண்டியவற்றை வரி வரியாக எழுதினார். இதுவரை எனக்கு அதிசயமாக ஒன்றும் தெரியவில்லை. தாளில் பேனையால் கீறக்கூடியதுதானே என்று நினைத்தேன்.

அவர் ஆள் என்ற பெட்டியிலிருந்து முகாம் என்ற பெட்டிக்கு ஒரு கோடு இழுத்தார். உடனே ஒரு சிறிய சாளரம் திறந்தது. இந்தப் பக்கம் ஒன்றா பலவா? அந்தப் பக்கம் ஒன்றா பலவா? கட்டாயமா, இல்லாமலும் இருக்கலாமா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மென்பொருள் அந்தக் கோட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஆள் ஒரே நேரத்தில எத்தனை முகாமில இருக்கலாம்?"

"ஒண்டில."

"ஒரு முகாமிலயும் இல்லாம இருக்கலாமா?"

"ஓம். சொந்தக்காரர் வீடுகளில எத்தினை பேர் இருக்கினம்." அன்புவழிபுரத்தில் என் வீட்டிலேயே மனைவியின் தமக்கை குடும்பம் இருந்தது. அவர்களை நான் என் பட்டியலில் எங்கும் எழுதவில்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது. எழுத இடம் இல்லாததால் எழுதவில்லை.

"நேத்து ஒரு முகாம், இண்டைக்கு வேற முகாம் எண்டா? பழையதை அழிக்கிறதா, வச்சிருக்கிறதா?"

இத்தனை மாதமாக நான் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருந்தேன். அது சரியா என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை.

நாலு நாட்கள் இப்படிப் போயின. எனக்குப் பொறுமை குறைந்துகொண்டு வந்தது. படிவங்கள் மேசையில் குவிந்தன.

"மிஸ், சனம் தறப்பாளுக்குக் கீழ கிடக்குது. நாங்கள் பெட்டி கீறிக்கொண்டு இருக்கிறம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெட்டியை எத்தனை தரமும் அழிச்சுக் கீறலாம் அண்ணன். ஆக்களை ஏத்தின பிறகு அழிச்சா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விளக்கம் எழுத இடமிருந்தது. அதை அவர் ஒரு சட்டம்போல் பிடித்துக்கொண்டார். இது எதற்கு வேண்டும், யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரியாவது எழுதவேண்டும். எழுத முடியாவிட்டால் அந்த விஷயத்தைக் கேட்கவே கூடாது. என் 'குறிப்பு' கட்டத்தின் முறை வந்தபோது, அதில் உள்ளவற்றை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "ஏழாவது பிள்ளை, பெண், இரண்டு வயது." "சீனி வருத்தம்." "மூத்த மகன் வீட்டில் இல்லை." "மகன் எங்கே என்று தெரியாது என்கிறார்." "மருமகன் வெளிநாடு என்று சொல்கிறார்கள்."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "இதை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்ல. அவையள் சொன்னவை, நான் எழுதினனான்."

"இந்தத் தாளோட நீங்க எத்தனை சோதனைச்சாவடி தாண்டிப் போறீங்க?"

எண்ணிப் பார்த்தேன். வாகனத்தின் முன் ஆசனத்தில், மடியில் வைத்துக்கொண்டுதான் போவேன். சாவடியில் யாராவது வாங்கிப் புரட்டி, வீட்டில் இல்லாத அந்த மகன் இயக்கத்தில் இருக்கிறான் என்று எண்ணியிருந்தால்? தன் பிள்ளையைப் பற்றி ஒரு தாய் ஆற்றாமையில் சொன்ன ஒரு வார்த்தை, பெயரோடும் முகாமோடும் தறப்பாள் இலக்கத்தோடும் அச்சடித்து என் மடியில் இருந்திருக்கிறது. அன்றே அந்தக் கட்டத்தைப் பழைய அட்டவணையிலிருந்து எடுத்தோம். அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, கட்டடத்தின் பின்வளவில் போட்டு எரித்தேன். வரைபடத்தில் அதற்குப் பதிலாக, நோய்களை எழுத 'வருத்தம்', 'தொலைந்த ஆவணம்' என்ற இரண்டு பெட்டிகள்தான் வந்தன. அவற்றுக்கு விளக்கம் எழுத முடிந்தது: மருத்துவர் பார்ப்பார், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகம் பார்க்கும்.

வரைபடம் ஒரு வடிவத்துக்கு வந்ததும் ஒன்பது தாள்களில் அச்சடித்து ஒட்டினோம். பெட்டிகளின் பெயர்கள் எல்லாம் தமிழில். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் என்னோடு கிளிவெட்டிக்கு வந்தார். முகாமின் பொதுக் கொட்டிலில் பாயை விரித்து, அதன்மேல் வரைபடத்தை விரித்தார். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி இருந்தார்கள். இவர்களுக்கு இது என்ன விளங்கப்போகிறது என்று நான் நினைத்தேன்.

அவர் விரலை ஒரு பெட்டியில் வைத்து, "இது நீங்க. இது உங்கட அட்டை. இந்தக் கோடு, உங்கட பிள்ளையள். எங்க பிழை எண்டு சொல்லுங்க" என்றார்.

பெண்கள் பெட்டிப் பெயர்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். பிறகு மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் நகர்த்திக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இந்தக் கோடு பிழை. இவள் என்ர பிள்ளை இல்லை, அக்காவின்ர. ஓடிவரேக்க என்ர கையில தந்திட்டு மாமியைக் கூட்டிவர எண்டு திரும்பிப் போனவ. அதுக்குப் பிறகு வந்த சனம் வெருகல் பக்கத்தால மட்டக்களப்புக்குப் போனது எண்டு சொல்லுறாங்கள். உங்கட படிவத்தில இவளை என்ர மூண்டாவது பிள்ளை எண்டுதான் எழுதினவங்கள். வேற எழுத இடமில்லையாம்."

அவர் பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை, ஆறு வயதிருக்கும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் அந்த இடத்திலேயே பென்சிலால் கோட்டை வெட்டினார். "இன்னும் ஆருக்காவது இப்படி இரிக்கா?" என்று கேட்டார். நாலு கைகள் உயர்ந்தன. ஒருவரிடம் அண்ணனின் பிள்ளைகள். ஒருவரிடம் பக்கத்து வீட்டுப் பாட்டி. இன்னொருவர் கணவரின் முதல் மனைவியின் மகளோடு இருந்தார். திரும்பும் வழி முழுவதும் மிஸ் வரைபடத்தை மடியில் வைத்து, வெட்டிய கோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் மென்பொருளில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, நடுவில் 'உறவு' என்று ஒரு பெட்டி வைத்தார். இந்த ஆள், அந்த ஆளுக்கு என்ன முறை, பெற்ற தாயா, இப்போது பார்த்துக்கொள்பவரா, எப்போதிலிருந்து. கையால் கீறியிருந்தால் ஒரு கோட்டை மாற்றியதில் வேறு எங்கே இடிக்கிறது என்று தேடவேண்டியிருக்கும். மென்பொருள் தானே சரிபார்த்து, இந்தப் பெட்டி இப்போது எதனோடும் சேரவில்லை, இதற்குத் தனி அடையாளம் இல்லை என்று நாலு இடங்களைக் காட்டித் தந்தது. அவற்றைத் திருத்தினார். பிறகு ஒரு கட்டளையை அழுத்தினார். நாங்கள் நாள் கணக்காக வாதாடிக் கீறிய பெட்டிகள் எல்லாம், தரவுத்தளம் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக வரிசையாக எழுதப்பட்டு வந்தன. ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெற்று அட்டவணைகள் எல்லாம் தயார். படத்தில் இருந்தது எதுவும் விடுபடவில்லை. படத்தில் இல்லாதது எதுவும் உள்ளே வரவில்லை. நான் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்களை ஏற்றத் தொடங்கிய முதல் கிழமை, சோதித்துப் பார்ப்பதற்காக, நான் முன்பு அழித்த அந்த அம்மாவின் பதிவைத் திறந்து அழிக்க முயன்றேன். ஏலாது என்றது. இவருக்கு நிவாரண அட்டை இருக்கிறது, முகாம் பதிவு இருக்கிறது, அவற்றை விட்டுவிட்டு இவரை அழிக்க முடியாது. ஒரு இயந்திரம் என்னை மறுத்ததற்காக நான் சந்தோசப்பட்டது அந்த ஒருமுறைதான்.

கச்சேரியில் நடந்த கூட்டத்தையும் சொல்லவேண்டும். பல அலுவலகங்களின் பட்டியல்களைச் சேர்ப்பது பற்றிய கூட்டம். தலைமை தாங்கிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் சிங்களம் கடையில் சாமான் வாங்குவதற்கு மேல் போகாது. மொழிபெயர்க்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அரைமணி நேரம் ஆளுக்கு ஆள் தலையாட்டிக்கொண்டிருந்தோம். மிஸ் எழுந்துபோய் வரைபடத்தை மேசையில் விரித்தார். இந்த முறை பெட்டிப் பெயர்கள் மூன்று மொழிகளில். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோடாக விரலால் பின்தொடர்ந்தார். முகாம் என்ற பெட்டியில் விரலை நிறுத்தி, பென்சில் கேட்டு வாங்கி, பக்கத்தில் ஒரு பெட்டி கீறினார்: பிரதேசப் பிரிவு. ஒரு கோடு இழுத்து, முகாம் பக்கத்தில் 'பல' என்பதற்கான முக்கவர்க் குறியையும் தானே போட்டார். எங்கோ படித்திருக்கிறார். மிஸ் சிரித்துவிட்டார், அவரும் சிரித்தார். பக்கத்து மாவட்டங்களின் பட்டியல்களும் எங்களுக்கு வரும் என்று அன்று முடிவாகியது.

அப்படி மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதை எங்கள் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டோம். பெற்ற தாயோடு இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று கேட்டால் இப்போது உடனே பதில் வந்தது. என் பழைய அட்டவணையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை, அந்தப் பிள்ளைகள் எல்லாரும் யாரோ ஒருவரின் மூன்றாவதோ நாலாவதோ பிள்ளையாகத்தான் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் தனியாளாகப் பதிந்த ஒரு பெண்ணின் ஊரும் பெயரும் எங்கள் ஆறு வயதுக்காரியின் தாயின் விவரத்தோடு ஒத்துப்போயின. முன்பு ஒரு பெயரை நம்பிக் கெட்டவன் நான். அதனால் தொலைபேசியில் அங்குள்ள அலுவலரைப் பிடித்து, பிள்ளையின் பெயரை நாங்கள் சொல்லாமல், அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொன்னோம். மறுநாள் பதில் வந்தது. பெயரும் சொன்னார், பிள்ளையின் இடது புருவத்துத் தழும்பையும் சொன்னார்.

கிளிவெட்டிக்கு நான் போய்ச் சொன்னேன். பிள்ளையை வைத்திருந்த தங்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட அக்கா இருக்கிறா. மட்டக்களப்புப் பக்கம், முகாமில."

"ஆர் சொன்னது?"

"அவவே சொல்லியிருக்கிறா. பிள்ளையின்ர தழும்பைச் சொன்னவ."

சுளகை மெதுவாகக் கீழே வைத்தார். "மாமி?" என்று கேட்டார்.

"மாமி வரேல்ல அம்மா. வழியில..." என்று தொடங்கினேன். அவர் தலையசைத்து நிறுத்தச் சொன்னார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் தலைமயிரைப் பிரித்துப் பின்னத் தொடங்கினார். பின்னல் கோணிக்கொண்டே போனது. இரண்டு மாதம் கழித்து அனுமதி கிடைத்துத் தாய் வந்தார். நான் அன்று பட்டினத்தில் இருந்தேன். பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. உறவுப் பெட்டியில் தாய் என்ற இடம் வெறுமையாகவே இருந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு வரைபடத்தால் இல்லாத ஆளைக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. நான் செய்த அட்டவணை மறைத்தது.

மறு வருடம் மிஸ் படிப்பிக்கும் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது எனக்குத் தந்தது வரைபடக் கோப்பும் அதற்குள் ஒவ்வொரு வரிக்கும் எழுதிய விளக்கங்களும்தான். புதிதாக வந்த இரண்டு பதிவாளர்களுக்கு நான் எதையும் பெரிதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் அவர்களே என்னிடம் பிழை பிடித்தார்கள்.

பிறகு சில ஊர்களுக்குச் சனம் திரும்பிப் போகத் தொடங்கியது. போனவர்கள் எல்லாரும் தங்கள் காணிக்குப் போகவில்லை. சிலருக்குப் பக்கத்து ஊரில் கொட்டில் கொடுத்தார்கள். சொந்த ஊர் என்ற ஒரே வரியில் அதை எழுத முடியவில்லை. நான் மென்பொருளைத் திறந்து, முதன்முறையாகத் தனியே ஒரு பெட்டி கீறினேன்: 'காணி'. ஆளிலிருந்து அதற்குக் கோடு இழுத்தேன். சிறிய சாளரம் திறந்து கேட்டது: ஒன்றா, பலவா? ஒரு காணிக்கு அண்ணன் தம்பி மூன்று பேர் உரித்தாளிகளாக இருக்கலாமே என்று நினைத்துக் கையை நிறுத்தினேன். சுவர் மணிக்கூட்டில் பதினொரு மணி. கிளிவெட்டிக்குப் போகும் வாகனம் கீழே இன்னும் நின்றது. கணினியை அப்படியே விட்டுவிட்டு, அங்குள்ள சனத்திடமே கேட்டுவரலாம் என்று படியிறங்கினேன்.